முகத்துணி

பேண்ட் பாக்கெட்டுக்குள் கைவிட்டபோது விரலில் பட்டது கைக்குட்டை இல்லை. தென்னரசு கையை உடனே வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் பார்க்க வேண்டிவரும். பார்க்காதவரை அது வேறு ஏதாவதாக இருக்க இன்னும் இடமிருந்தது. விரல்கள் மட்டும் உள்ளே இருந்தபடி மெல்லத் தடவின. முரட்டுப் பருத்தி. ஓரம் அடிக்காத துணி. ஒரு மூலையில் முடிச்சு, முடிச்சுக்குள் உருண்டையாகத் திருநீறு. துணி முழுக்க விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. விமானம் இன்னும் மூக்கைத் தூக்கியபடி ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் தவில்காரர் வேல்ராசு அண்ணன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக் கீழே திருச்சி சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நடைபாதையை ஒட்டி கார்மேகம் மாமா, குழுவின் தலைவர், உருமி வாசிப்பவர், தென்னரசின் தாய்மாமன், இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றிக் கண்ணை மூடியிருந்தார். மற்றவர்கள் பின் வரிசைகளில். சாமான்கள் எல்லாம் கீழே. தவில், பம்பை, மடக்கிய ஸ்பீக்கர் கம்பிகள், சலங்கைப் பெட்டி, நீளப் பெட்டிக்குள் உருமி. அந்த உருமியின் முகத்தில் இருக்க வேண்டிய மஞ்சள் துணி இதோ இங்கே, அவன் தொடையின் மேல், உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருந்தது.

உருமிக்கு இரண்டு முகம். ஒன்று அடிப்பதற்கு, மற்றொன்று தேய்ப்பதற்கு. வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அந்த இரண்டாவது முகம் அழும். அழும் என்றுதான் ஊரில் சொல்வார்கள், ஒலிக்கும் என்று சொல்வதில்லை. அந்த அழுகைக்குத்தான் சாமி இறங்கும். அதனால் ஊர் எல்லையைத் தாண்டும்போது அந்த முகத்தைத் துணியால் மூடிக் கட்டிவிடுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மாமா மறுமுகத்தில் முதல் அடி அடித்த பிறகுதான் அவிழ்ப்பது. வேனில் போனாலும் அப்படித்தான், ரயிலில் போனாலும் அப்படித்தான். காலையில் கட்டியவன் தென்னரசு. அவிழ்த்தவனும் அவனே. “இங்கிலீஷ் படிச்சவன் நீதான, நீ கூட நில்லு” என்று மாமா சொல்லிவிட்டதால் எல்லாச் சாமான்களும் அவன் பெயரில்தான் ஏறின. பெரிய சாமான்களைச் சோதிக்கும் இடத்தில் ஓர் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணியையும் எடுக்கச் சொன்னார். தென்னரசு முடிச்சை அவிழ்த்தான், “ஃபோக் இன்ஸ்ட்ருமென்ட் சார், டெம்பிள் இன்ஸ்ட்ருமென்ட்” என்று தேவையில்லாமல் இரண்டு தடவை சொன்னான். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், விரலால் சுண்டிப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு போர்டிங் பாஸைப் பார்த்து, “ஓகே மிஸ்டர் சங்கிலி” என்றார். அங்கேதான். அந்த இடத்தில்தான். தென்னரசு சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தான். அப்பா நிற்கிறாரா என்று பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனிதர் அங்கே எதற்கு நிற்கப் போகிறார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் வரும், டிக்கெட்டில் அதுதான் முன்னால் வரும், வெளியூர்க்காரர்கள் அதைத்தான் கூப்பிடுவார்கள், இதெல்லாம் அவனுக்குத் தெரியும், குழுவுக்கே விளக்கிச் சொன்னவன் அவன். ஆனாலும் திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்த்த நேரத்தில் கை துணியைப் பாக்கெட்டுக்குள் திணித்திருக்க வேண்டும். அதற்குள் பெட்டி மூடப்பட்டு, ரப்பர் திரைக்குப் பின்னால் போய்விட்டது.

ஒன்றும் ஆகாது. ஒரு தோல் கருவி, அதன் மேல் ஒரு துணி இல்லை, அவ்வளவுதான். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன் அவன், வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஒன்றும் ஆகாது என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டபோது என்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கியது. விமானம் மேலே போய்ச் சமமாக நின்றுவிட்டது போலிருந்தது. அந்தப் பெரிய இரைச்சல் விலகிய இடத்தில், அதற்கு அடியில், அதுவரை மூடிக்கிடந்த இன்னொரு ஒலி தெரிந்தது. காதில் கேட்கவில்லை. காலில் கேட்டது. ஷூவின் அடியைத் தாண்டி, பாதத்தின் நடுக்குழியில், ஊம்ம் என்று நீண்டு, சற்றே மேலேறி, மறுபடி இறங்கி. என்ஜின் ஒரே சீராகத்தான் ஓடும், ஏறி இறங்காது. இல்லை, காற்றுக்குத் தக்கபடி ஏறி இறங்கலாம். பெட்டிகள் உரசிக்கொள்ளலாம். அவன் பாதங்களைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினான். ஒலி நின்றது. வைத்தான். வந்தது. பக்கத்தில் வேல்ராசு அண்ணன், “டேய் பட்டதாரி, எறக்கையப் பாரு, நம்ம ஊர் மினிபஸ் பானட் மாதிரி ஆடுது. கழண்டு விழுந்தா இங்கிலீஷ்ல கத்தணுமா தமிழ்ல கத்தணுமா?” என்றார். தென்னரசு சிரித்தான். சிரிப்பது எப்படி என்று யோசித்துச் சிரித்தது போலிருந்தது அவனுக்கே.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு பரிசோதனை உண்டு. மரப்பெட்டியின் மேல் இழுத்துக் கட்டிய கம்பி, கம்பியின் மேல் மடித்து உட்காரவைத்த சின்னக் காகிதத் துண்டு. இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்ற வேண்டும். கம்பியை யாரும் தொடுவதில்லை. இரண்டு அதிர்வும் ஒன்றாகும் இடம் வந்ததும் காகிதம் துள்ளிக் கீழே விழும். முதல் தடவை அது விழுந்தபோது மற்ற பையன்கள் அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த கவைக்குப் போனார்கள். தென்னரசு மட்டும் விழுந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அது கோயில் வாசல் போலிருந்தது. யாரும் தொடாமல் ஒன்று துள்ளி விழுவதை அவன் முன்பே எத்தனை தடவை பார்த்திருக்கிறான். ஒத்ததிர்வு என்று அதற்குப் பெயர் கிடைத்த அன்று ஒரு நிம்மதி வந்தது. இனி அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மதிப்பெண்ணுக்கு வரும் கேள்வி, பயப்பட ஒன்றுமில்லை என்று. இப்போது அதே பாடம் வேறு மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்தது. மேலே காற்றழுத்தம் குறையும், கீழறையில் குளிரும், தோல் இறுகும், இறுகிய தோலுக்கு ஓர் அதிர்வு உண்டு, என்ஜினுக்கு ஓர் அதிர்வு உண்டு. அப்படியானால் அது ஒலிக்கலாம். குச்சி வேண்டியதில்லை, கை வேண்டியதில்லை. விளக்கம் கிடைத்ததால் பயம் கூடத்தான் செய்தது. விமானமும் உருமியைப் போல ஒரு நீளக் கூடு, இரண்டு பக்கமும் அடைத்தது, உள்ளே காற்று, அதற்குள் வரிசையாக மனிதர்கள். ச்சே. அப்படி நினைக்கக் கூடாது. கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும் காகிதம் எது என்றும் நினைக்கக் கூடாது.

“மாமா.” “ம்.” “தூங்குறீங்களா?” “எங்கிட்டுத் தூங்க. காதுல எவனோ பஞ்ச வச்சு அடச்ச மாதிரி இருக்கு.” “இல்ல மாமா, உருமிக்கு முகத்துணி கட்டுறோம்ல.” மாமா கண்ணைத் திறக்கவில்லை. “ஆமா.” “அது வழியில அவுந்துபோச்சுன்னா என்ன ஆகும்?” “ஏன் அவுரும்? நீதான கட்டுன.” அந்த நம்பிக்கை அவன் நெஞ்சில் குத்தியது. பாக்கெட்டில் துணி கனத்தது. சொல்லிவிடலாம். மாமா, துணி என்கிட்ட இருக்கு. நாலு வார்த்தை. “சும்மா கேட்டேன் மாமா.” மாமா விரலால் காதைக் குடைந்துகொண்டார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, “அவுந்தா கூப்பிடும்” என்றார். “யார?” “யாரு அதுக்கு வேணுமோ அவுகள. கூப்பிட்டா ஆள் வந்துறணும். வரலேன்னா தோலு தாங்காது, கிழிஞ்சிரும். எங்கய்யா காலத்துல மானாமதுர போகையில வண்டிலயே கிழிஞ்சுச்சு. நடுவுல, இந்தா, நகத்தால கீறுன மாதிரி.” வேல்ராசு அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பினார். “இங்க கூப்பிட்டா எவன் மாமா வருவான்? டிக்கெட் எடுத்துல்ல வரணும். விசா வேற!” மாமாவும் சிரித்துவிட்டார். “வாயக் கழுவுடா. சீட்டுல ஒழுங்கா உக்காரு.” தென்னரசு சிரிக்கவில்லை. டிக்கெட் இருந்தது. அதுதான். அவன் சட்டைப்பையில் இருந்தது, சங்கிலி என்ற பெயரில்.

ஊர்க் காவல் சாமி சங்கிலிக்கருப்பு அப்பா மேல்தான் வரும். அதனால்தான் அப்பாவுக்கு அந்தப் பெயரா, அந்தப் பெயரால்தான் அது வந்ததா என்று அவன் கேட்டதில்லை. மற்ற நாளில் அப்பா சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர், டீக்கடையில் கூட மூலையில் நின்று குடிப்பவர். உருமி அழத் தொடங்கியதும் முதலில் வலதுகால் கட்டைவிரல். அது மட்டும் தனியாக, வேறு யாருடையதோ போல, மண்ணைக் கொத்தும். பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு அப்பா இல்லை. கூட்டம் ஒதுங்கி வழிவிடும். மாமா குச்சியை நிறுத்தாமலே குனிந்து கேட்பார்: “வந்திருக்கது யாரு? சொல்லணும்.” பதில் வர நேரமாகும். அந்த இடைவெளிதான் சிறுவயதில் தென்னரசுக்குப் பயம். பதிலைவிட அதுதான் பயம். அப்பாவின் வாய் திறந்திருக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அப்பா போன பிறகு சாமி யார் மேலும் வரவில்லை. மூன்று திருவிழாவாக ஊரே காத்திருக்கிறது. உருமி அழும்போது யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார்கள். அவன் ஜெனரேட்டர் பக்கம் போய் நின்றுகொள்வான். டீசல் புகையில் கண் எரியும், ஆனால் அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. இந்தப் பயணத்துக்கும் அவன் வந்தது வாசிக்க அல்ல, பேசத்தான். திரும்பி வந்து மதுரையில் அறை எடுத்து மேலே படிக்க வேண்டும், திருவிழாக்களுக்கு ஊர்ப்பக்கம் வரக் கூடாது. ஜெனரேட்டர் இல்லாத ஓர் இடத்தில் தானாகவே வந்து உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டோம் என்று இப்போதுதான் தோன்றியது. பெல்ட்டின் கொக்கி வயிற்றில் குளிர்ந்தது. கட்டைவிரல் அசைந்தது.

அசையவில்லை. ஷூ இறுக்கம், அதனால் துடிக்கிறது. சித்தப்பா மகனுடைய ஷூ, ஒரு அளவு சின்னது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. நினைவில்லாமல் கிடந்தார், மேலே பழைய மின்விசிறி ஊம்ம் என்று ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த காலில் கட்டைவிரல் மட்டும் எழுந்து எழுந்து அடங்கியது. தென்னரசு அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். கைக்குள் அது சின்னப் பிராணி போல முட்டியது. இப்போது ஷூவுக்குள் முட்டியது. குனிந்து கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினான். “மிஸ்டர் சங்கிலி?” நிமிர்ந்தால் பணிப்பெண், கையில் சாப்பாட்டுத் தட்டு, முகத்தில் புன்னகை. “நான்வெஜ்தானே சார்?” அவன் தலையாட்டினான். இரண்டாவது தடவை. யாரோ எண்ணுகிறார்களா? சாமியை மூன்று முறை பேர் சொல்லித்தான் அழைப்பார்கள். தட்டிலிருந்த அலுமினியத் தாளின் ஓரம் நடுங்கிக் கிணுகிணு என்றது. சாப்பிட முடியவில்லை. வேல்ராசு அண்ணன், “ஒனக்கு வேணாம்னா இங்கிட்டுத் தள்ளு. காலை ஆட்டாதடா, என் சீட்டும் சேர்ந்து ஆடுது” என்றார். “நான் ஆட்டலண்ணே.” “பின்ன நானா ஆட்டுறேன்?” தென்னரசு குனிந்து பார்த்தான். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான், அது தன்னுடையது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

எழுந்து நின்று கத்திவிட்டால் என்ன ஆகும். ஆகாயத்தில், இத்தனை பேருக்கு நடுவில், யாருக்கும் புரியாத குரலில். கயிறு போட்டுக் கட்டுவார்கள், இறங்கியதும் போலீஸ் வரும், குழுவையே அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். மாமா கடல் தாண்டிப் போய் வாசிக்க எத்தனை வருஷம் ஆசைப்பட்டார். அங்கே இருக்கிற ரப்பர் தோட்டத்துக் கோயில்காரர்கள் இந்த உருமியின் அழுகையைக் கேட்டுத்தான் கூப்பிட்டார்கள், வேறு உருமி இல்லை. அதற்குப் பிறகு யார் தன்னைத் தென்னரசு என்று கூப்பிடுவார்கள். காலைத்தான் பார்ப்பார்கள், சாகிறவரை. அப்படியானால் கிழியட்டும். நினைத்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் நினைத்தாகிவிட்டது. கிழியட்டும், மாமாவின் உருமி கிழியட்டும், நடுவில், நகத்தால் கீறியது போல. நான் வரவில்லை என்று அதற்குத் தெரியட்டும். விமானம் ஒரு தடவை தூக்கிப் போட்டது. பெல்ட் விளக்கு எரிந்தது. ஒலி இப்போது இடுப்பில் இருந்தது. உருமிக்குத் துணி கட்ட முடியாது, அது கீழே இருக்கிறது, நடுவே இரும்புத் தரை. ஆனால் கூப்பிடுவது இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற காரியம். ஒரு முகத்தை மூட முடியாவிட்டால் மற்ற முகத்தை மூடலாம். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, ஊரிலும் யாரும் சொன்னதில்லை, ஆனால் சரியாக இருந்தது, கணக்கு முடிவது போலச் சரியாக இருந்தது. துணியை வெளியே எடுத்தான். மாமா பார்க்கிறாரா என்று பார்க்கவில்லை. கண்ணையும் மூக்கையும் காதையும் சேர்த்துச் சுற்றி, பிடரியில் முடிச்சுப் போட்டான், காலையில் உருமிக்குப் போட்ட அதே முடிச்சு. தூங்குவதற்குக் கண்ணைக் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். விளக்கெண்ணெய், திருநீறு, பழைய தோலின் வாசம். இருட்டு. மஞ்சளான இருட்டு. உருமிக்குள் இப்படித்தான் இருக்கும். ஒலி ஒரு கணம் மிக அருகில் வந்து, நெற்றியை நெற்றியால் தொடுவது போல நின்று, பிறகு இல்லை. எதுவுமே இல்லை. என்ஜின்கூட இல்லை.

துணியை அவிழ்த்தது அவன் இல்லை. கண்ணுக்கு முதலில் வெளிச்சம்தான் வந்தது, பிறகு மாமாவின் கை, கையில் துணி. விமானம் தரையில் நின்றிருந்தது. ஆட்கள் எழுந்து மேலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம்தான் கண்ணை மூடினோம் என்று நினைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், ஜன்னலுக்கு வெளியே கட்டடத்தின் கடிகாரத்தைப் பார்த்தான், இரண்டும் வேறு வேறு. இங்கே நேரம் முன்னால் ஓடும், அதுவும் அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இரண்டிலுமே அவனுக்கு நினைவில்லாத நேரம் இருந்தது. தொண்டை காய்ந்து கரகரத்தது. “தூங்கிட்டேனா மாமா?” “ம்.” “துணி... அங்க செக் பண்றப்ப அவுக்கச் சொன்னாங்க மாமா. திருப்பிக் கட்ட மறந்துட்டேன். ஒங்ககிட்டச் சொல்லணும்னு...” “தெரியும்.” மாமா துணியை நான்காக மடித்தார். கோபப்படவில்லை. அவன் திட்டு வாங்கத் தயாராக இருந்தான், திட்டு விழவில்லை. “தூக்கத்துல பேசினேனா?” “கொஞ்சம்.” “என்ன பேசினேன்?” “ஒண்ணுமில்ல. நான் ஒரு வார்த்த கேட்டேன். பதில் வந்துச்சு.” என்ன கேட்டார் என்று தென்னரசு கேட்கவில்லை. அது தெரிந்ததுதான். என்ன பதில் வந்தது என்றும் கேட்கவில்லை. கேட்காதவரை அது அவன் பெயராக இருக்க இன்னும் இடமிருந்தது. வேல்ராசு அண்ணன் திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் ஒரு வேடிக்கையும் இல்லை. அவர் இருக்கையை விட்டு எழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவன் முழங்கால்கூடத் தன்மேல் பட்டுவிடாதபடி, “நீ முன்னால போ” என்றார்.

கிழிந்திருந்தால் போதும். நீண்ட கண்ணாடி நடைபாதையில், பாஸ்போர்ட் வரிசையில், சாமான் வரும் கூடத்தில் அவனுக்கு அந்த ஒரே நினைப்பு. தூக்கத்தில் ஆயிரம் பேர் உளறுவார்கள். மாமா எதையாவது கேட்டிருப்பார், அவன் எதையாவது சொல்லியிருப்பான். உளறலை யாரும் நிரூபிக்க முடியாது. தோல் பொய் சொல்லாது. கிழிந்திருந்தால் யாரும் வரவில்லை என்று பொருள், மாமாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம், ஆயுசுக்கும் திட்டு வாங்கலாம், தென்னரசாகவே வாங்கலாம். பெரிய சாமான்களுக்கான வாசலில் நீளப் பெட்டி வந்து நின்றது. மாமா பூட்டைத் திறக்கும்போது குழுவில் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். அவன் எட்டிப் பார்த்தான். உருமியின் தேய்க்கும் முகம் முழுசாக, மழமழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. மாமா உள்ளங்கையை அதன் மேல் வைத்தார், வைத்தபடியே இருந்தார். பிறகு அவன் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பெட்டி ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது, இரும்புக் கொக்கிகளில் ஈரம் பூத்திருந்தது. தோல் மட்டும் சுடச்சுட இருந்தது, இப்போதுதான் வாசித்து நிறுத்தியது போல. மாமா துணியை விரித்து அந்த முகத்தை மூடினார். முடிச்சுப் போட்டார். நிமிர்ந்து அவன் காலைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

அப்போது சாமான் வண்டிக்காரர், சீருடை போட்ட அந்த ஊர்த் தமிழர் ஒருவர், பெட்டியில் தொங்கிய சீட்டைத் திருப்பிப் படித்துவிட்டு உரக்கக் கேட்டார். “சங்கிலி யாருங்க? யாரு இங்க சங்கிலி?” மூன்றாவது தடவை. மாமாவும் வேல்ராசு அண்ணனும் அவன் வாயைப் பார்த்தார்கள். அது தன் அப்பாவின் பெயர் என்றும், தான் வேறு ஆள் என்றும், டிக்கெட்டில் அப்படித்தான் போடுவார்கள் என்றும் ஒழுங்காக விளக்கிச் சொல்லத் தென்னரசு வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. சிறுவயதில் அவன் பயந்த அந்த இடைவெளி. இப்போது அதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் நினைத்ததுபோல வெறுமையாக இல்லை, கூட்டமாக இருந்தது. இறுகிய ஷூவுக்குள் கட்டைவிரல் அசையாமல், சமாதானமாக இருந்தது.

“நான்தான்” என்றது குரல். வண்டிக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்து வழிவிட்டார்.